கழுவி வைத்த ஓடை

அப்பாவிடம் மட்டும் போனில் பேசுகிற என் மகனுக்கு,

போன வாரம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "என்னையும் சந்தேகப்பட்டியாம்மா?" என்றாய். அந்த நேரம் பார்த்துக் கள்ளக்குறிச்சி டவுன் பஸ் வந்துவிட்டது. "ஓடுடா, ஜன்னல் சீட்டு போயிடப் போவுது" என்று உன்னைத் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் ஆளே இல்லை. எல்லா ஜன்னலும் காலியாகக் கிடந்தன. அது உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து நீ அப்பாவுக்குத்தான் போன் செய்கிறாய். அவர் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறார். நீதான் அப்படிப் போகச் சொல்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மாசியில் உனக்குக் கல்யாணம். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நீ மணையில் உட்காரக் கூடாது, பதில் சொல்லாத வாயோடு நான் பக்கத்தில் நிற்கவும் கூடாது. அதனால் எழுதுகிறேன். இது ஒட்டி மூடுகிற கடிதம் இல்லை. உனக்கு வரப்போகிறவளும் படிக்கட்டும். ஊர்க்காரர்கள் படித்தாலும் சரிதான், நடந்ததில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

என் குணம் உனக்குத் தெரியாததில்லை. பால் சொசைட்டியில் டெஸ்டராக இருப்பவளுக்கு வேறு குணம் வந்தால்தான் ஆச்சரியம். காலையில் கேனோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள். யார் ரொம்பச் சிரிக்கிறாரோ அவர் கேனில்தான் தண்ணீர் கலப்பைக் காட்டுகிற லாக்டோமீட்டரை முதலில் விடுவேன். "மாடு மழையில நனைஞ்சிடுச்சுக்கா, பால் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும்" என்று கேட்பதற்கு முன்பே சொல்கிறவனை விடவே கூடாது. கலக்காதவனுக்கு மாட்டின் மேல் பழி போட வேண்டிய அவசியம் வராது. தண்ணீரை ஊற்றிவிட்டு, அளவு சரியாக நிற்க வேண்டுமே என்று சர்க்கரை போட்டுக் கொண்டுவருகிற மகராசிகளும் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் இதையே பார்த்த கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு கண்ணாகிவிடுமா?

உன் அப்பா எனக்கு நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறப் போன இடத்தில் ஒரு லாரிக்காரன் மிலிட்டரி கம்பளி என்று விற்றதை வாங்கிக்கொண்டு வந்தார். முதல் துவைப்பிலேயே அது துண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான் கத்தினேன். அவரோ, "பாவம், அவனையும் எவனோ ஏமாத்தியிருக்கான்" என்றார். இப்படிப்பட்ட மனுஷரோடு குடும்பம் நடத்த வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தராவது சந்தேகப்பட்டாக வேண்டும். அவர் பங்கையும் சேர்த்து நான் படுகிறேன்.

நீ யார் மாதிரி என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். உன் அத்தை பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு நாள், "வீட்ல ஒண்ணுமே இல்ல, முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாச்சும் வாங்கி வெச்சிருப்பேன்" என்று நான் கை பிசைந்துகொண்டு நிற்கிறேன். நீ டவுசரோடு வந்து, "அம்மா, அரிசிப் பானைக்குப் பின்னால பிஸ்கெட்டு இருக்குதே" என்றாய். அத்தை முகம் போன போக்கை விடு, என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? அப்புறம் உன்னைத் தனியே கூப்பிட்டு, ஏன்டா மானத்தை வாங்கினாய் என்று கேட்டால், "இருந்துச்சும்மா, சொன்னேன்" என்றாய். அன்றைக்கு அதைச் சாமர்த்தியம் இல்லாத பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

சரி, ஓடைக்கு வருகிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, நம் கரும்புக் கொல்லையை ஒட்டி ஓடி, தரைப்பாலத்துக்கு அடியில் நுழைந்து, அப்புறம் கோமுகி ஆற்றில் கலக்கிற சின்ன ஓடைதான். கோடையில் தாண்டிவிடலாம். ஆனால் நம் மாடுகள் குடிக்கிற தண்ணீர் அது, கிணறுகளில் ஊறுகிற தண்ணீரும் அதுதான். அது மலையடியில் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலை வரப்போகிறது என்று பேச்சு வந்தபோதே என் மூக்கு வேர்த்தது. மலையில் விளைகிற மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து அரைத்து ஜவ்வரிசி செய்வார்கள். நல்லதுதான், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீர் எங்கே போகும்? அதை விட்டு வைத்தால் புளித்து நாறும், ஓடையில் விட்டால் ஓடை நாறும்.

அந்த ஆலைக்காரர் ஒரு நாள் நம் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "காபி ரொம்ப நல்லாருக்குங்கம்மா" என்றார். அன்றைக்கு டிகாஷன் தீர்ந்துபோய், அடியில் கிடந்த தூளைத்தான் இரண்டாம் முறையாகக் கொதிக்க வைத்திருந்தேன். அந்தக் காபியைப் பாராட்டுகிறவர் வேறு எதைத்தான் பாராட்ட மாட்டார்? "எங்க தண்ணி ஒரு சொட்டு வெளிய வராதுங்க. எல்லாம் தொட்டியிலயே சுத்தம் பண்ணிக்கினு இருப்போம்" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஓடையில இப்பவே ஒண்ணும் இல்லியாமே?" என்று ஒரு வார்த்தை விட்டார். உன் அப்பா அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மழையில் நனைந்த மாட்டுக் கதை ஞாபகம் வந்தது.

ஆலை வருவதற்கு முன்னால் ஓடை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத ஆள் வரும் என்றார்கள். இந்தப் பக்கம் தெரிந்தவன் என்று, ஆறு ஓடைகளைச் சோதிக்கிற உன் ஆபீசில் உன்னையே அனுப்பினார்கள். "ஓடையை ஆய்வு பண்ண வர்றேம்மா" என்று ஆவணி மாதத்தில் நீ போன் செய்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சொசைட்டியில் வரிசை முழுவதும் கேட்கிற மாதிரி, "எம் புள்ள நம்ம ஓடையை ஆய்வு பண்ண வர்றான்" என்று சொன்னேன். பெற்றவளுக்கு இதைக்கூடச் சொல்ல உரிமை இல்லையா?

நீ வேலை செய்வதை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வலையை நட்டாற்போலப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கம் இருந்த கற்களைக் காலால் கலக்கினாய். வலையில் அடித்து வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிக் குனிந்து பார்த்தாய். தண்ணீரைப் பார்க்க வந்தவன் ஏன்டா கல்லைப் புரட்டுகிறாய் என்று கேட்டதற்கு, "பாட்டில்ல புடிச்ச தண்ணி இன்னிக்கு நெலவரத்த மட்டும்தாம்மா சொல்லும். கல்லுக்கடியில இருக்கிற பூச்சிங்க மாசக்கணக்கா இங்கியே கெடக்குதுங்க. நேத்து எவனாச்சும் எதையாச்சும் ஊத்தியிருந்தா இதுங்க காட்டிக் குடுத்துரும்" என்றாய். மூன்று வால் வைத்த குஞ்சுப் பூச்சி இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றும், சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் தண்ணீரில் மூச்சுக் காற்று கம்மி என்றும் சொன்னாய். எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் ஒரு வகையில் என் வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தட்டில் ஒன்றும் இல்லை. இடம் மாற்றி இடம் மாற்றிப் பார்த்தாய். மூன்று வாலும் இல்லை, சிவப்புப் புழுவும் இல்லை, ஓர் அயிரை மீன்கூட இல்லை. கற்கள் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தன. ஓடை அவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து நான் பூரித்துப் போய் நிற்கிறேன், நீ முகத்தைச் சுளிக்கிறாய். "தண்ணியில மூச்சு நல்லா இருக்குது, உசுருதான் இல்ல. இன்னான்னு புரியலம்மா" என்றாய். அங்கே பிளீச்சிங் பவுடர் வாசனை லேசாக அடித்தது. சொசைட்டித் தரையைத் தினமும் அதை வைத்துத்தான் கழுவுகிறேன். என் சேலையில் வருகிற வாசனை என்று நான் நினைத்தேன். அம்மா வாசனை என்று நீ நினைத்திருப்பாய். ஊரையே மோப்பம் பிடிக்கிற மூக்கு அந்த ஒரு நாள் சும்மா இருந்துவிட்டது.

பார்த்ததை அப்படியே எழுதி, ஓடையின் நிலை மோசம் என்று ஆபீசுக்கு அனுப்பிவிட்டாய். தண்ணீர் பிடித்த பாட்டில்களை வைக்க ஐஸ் வாங்க வேண்டும் என்று வடக்கனந்தலுக்குப் போனாய். சாயங்காலம் நான் சொசைட்டி வாசலில் நிற்கும்போது ஆலைக்காரரின் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது யார் என்று பார்த்தால் நீ.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"கார்ல ஏசி நல்லா இருந்துச்சா?"

"பஸ்ஸு வரலம்மா. வழியில பாத்து ஏத்திக்கினாரு."

"இன்னா பேசுனாரு?"

"ஆலையப் பத்தித்தான். வேற இன்னா பேசுவாரு?"

இவ்வளவு சொல்லிவிட்டு நீ தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். களைப்பில் குனிந்திருப்பாய். எனக்கோ அது குற்றவாளிக் குனிவாகத் தெரிந்தது. நீ எழுந்து வாசல் குழாயில் கை கழுவப் போனதும் உன் அப்பாவிடம் கொட்டினேன். "ஓடையில ஏற்கெனவே ஒண்ணும் இல்லைன்னு எழுதி வெச்சிட்டா, நாளைக்கு மாடு செத்தா யாரப் போயி கேக்கறது? இது முன்னாடியே செத்த ஓடைன்னு கையக் காட்டிருவான். இவன வெச்சு எழுதி வாங்கிட்டான் பாரு" என்றேன். உன் அப்பா, "இன்னாடி பேசற, நம்ம புள்ளடி" என்றார். "பால்ல தண்ணி ஊத்தறவன்லாம் யாருக்கோ புள்ளதான்" என்றேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, உன் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அஞ்சலை பால் ஊற்ற வந்தாள். நூறு நாள் வேலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறாளே, அந்த அஞ்சலைதான். கேனை இறக்கி வைக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு. வழக்கம்போல் லாக்டோமீட்டரைக் கையில் எடுத்தேன். அவள் சிரிப்பு பாலுக்காக இல்லை.

"இன்னாக்கா, ஓடை எப்டி இருந்துச்சு? உம் புள்ள ஒரு வார்த்த நல்லாருக்குதுன்னு சொல்லிச்சா?"

"ஏன் கேக்கற?"

"அத்தினி பேரும் எறங்கி வேல செஞ்சோம்க்கா. மலையடியிலேர்ந்து தரப்பாலம் வரிக்கும் பாசியெல்லாம் சொரண்டி, கல்ல ஒண்ணொண்ணா தேச்சுக் கழுவி, சருக வாரிக் கரையில போட்டோம். டேங்குக்கு வெச்சிருந்த பிளீச்சிங் பவுடர மூட்டையோட கொட்டிட்டோம். மீனுங்க கூட மெதந்துச்சு, அதையும் அசிங்கமா இருக்குமேன்னு வாரிக் கொட்டிட்டோம்."

எனக்கு முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "யாரு சொல்லிச் செஞ்சீங்க? ஆலைக்காரன் சொன்னானா?" என்றுதான் கேட்டேன். அஞ்சலை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாக்கா நீ, நீதானே சொன்ன, ஆய்வுக்கு வர்றான்னு. நம்ம வூட்டுப் புள்ள ஆபீசரா வர்ற நேரத்துல ஓடை பாசி புடிச்சுக் கெடந்தா உனுக்குத்தானே கொறச்சல்?"

அவள் மேல் என்ன தப்பு? ஆய்வு என்றால் நம் ஊரில் அதுதான் அர்த்தம். அதிகாரி வருகிறார் என்றால் குப்பையை வாரி, சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுத்தானே கை கட்டி நிற்போம். சொசைட்டிக்கு ஆள் வருகிற அன்றைக்கு நானே அப்படித்தான் செய்கிறேன். பார்க்க வருகிறவர் இருக்கிறதை இருக்கிறபடி பார்க்க வருகிறார் என்று இதுவரை யாராவது எங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? ஓடைக்கு மரியாதை செய்வதாக நினைத்து, அதில் குடியிருந்த உயிரையெல்லாம் கொன்று, கழுவி, துடைத்து உன் முன்னால் வைத்திருக்கிறார்கள். உனக்குச் செய்த மரியாதை அது. ஆலைக்காரர் காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

சொசைட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். முதலில் நீ சிரித்தாய். அப்புறம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். "கழுவி வெச்ச ஓடையப் போயி அளந்துட்டு வந்திருக்கேன்" என்றாய். உடனே வலையைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் கை படாத இடம் வேண்டும் என்று மலையடிக்கும் மேலே ஏறிப் போனாய். மத்தியானம் நீ திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தே அங்கே உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆபீசுக்குப் போன் போட்டு, நேற்று அனுப்பியது செல்லாது, மழை முடிந்து ஓடை தேறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும் என்றாய். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ எங்களிடம் சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாய்.

ஆலைக்காரர் சும்மா விடுவாரா? "சொந்த ஊருன்னதும் ஒரே நாள்ல மாத்திட்டாரு தம்பி. கேட்டா அம்மா சொன்னாங்களாம். வேலிக்கு ஓணான் சாட்சி" என்று கடைத்தெருவில் பேசினார். முதல் நாள் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், மறுநாள் அவர் சந்தேகப்பட்டார். இப்போது யோசித்தால் இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான். நீ எழுதியது எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இந்த மார்கழியில் நீ மறுபடி வந்தாய். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் பெய்து ஓய்ந்து, தண்ணீர் தெளிந்திருந்தது. கூட இருந்து பார்க்கட்டும் என்று, வருகிற தேதியை ஆலைக்காரருக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். என் வாயை நீ சந்தேகப்பட்டாய், ஒத்துக்கொள். நான் குறை சொல்லவில்லை, என் பிள்ளை என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளமாக இருந்தது.

தரைப்பாலத்தின் மேல் ஊரே நின்றது. நீ ஆலைக்காரரைப் பார்த்து, "நான் எதையும் எடுக்கலைங்க. நீங்க எந்தக் கல்ல காட்றீங்களோ அதத் தூக்கறேன்" என்றாய். அவரும் பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். பார்த்துப் பார்த்து, ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தோன்றிய கற்களையெல்லாம் காட்டினார். நீ ஒவ்வொன்றாகப் புரட்டினாய். மூன்று வால் குஞ்சுகள் கல்லை விட்டு ஓடின. தட்டான் குஞ்சு இருந்தது, நண்டு இருந்தது. மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு நகர்கிற ஒன்றைத் தட்டில் விட்டதும் ஆலைக்காரரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். "இது இன்னா தம்பி, வூட்டத் தூக்கிக்கினு போவுது?" என்றார். மேலேயிருந்து தண்ணீரோடு வந்து குடியேறியவை என்று நீ சொன்னாய். நாம் கொன்று போட்ட இடத்துக்கு ஓடை தானாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பனி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நீ ஊருக்குச் செல்லப் பிள்ளை. நீயோ வலையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் நடந்தாய், நம் தெருச் சாக்கடை வந்து விழுகிற இடத்துக்கு. ஒரு கை சேற்றை அள்ளித் தட்டில் போட்டாய். எல்லாம் சிவப்புப் புழு. ஆலைக்காரர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. மேலே நின்ற அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி உன் காதோரம் வந்தேன்.

"இத எழுத வேணான்டா."

"ஏம்மா?"

"வெறும் வாய மெல்ற இவனுக்கு அவலக் குடுத்த மாதிரி ஆயிடும். ஊரு சாக்கடையே போவுது, என் தண்ணி போனா இன்னான்னு கேப்பான். நாளைக்கு நான் இவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்? மேல பாத்தத மட்டும் எழுது. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு கார்ல அவரும் இதத்தாம்மா கேட்டாரு. கொஞ்சம் பாத்து எழுதுங்க தம்பின்னாரு. அவருக்குச் சொன்ன பதில்தான் உனக்கும்" என்றாய். என்ன பதில் என்று நான் கேட்பதற்குள் நீ நிமிர்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாய். பாலத்துக்கு மேலே ஓடை நன்றாக இருக்கிறது, ஆலைத் தண்ணீர் அதில் ஒரு சொட்டு விழக் கூடாது என்று எழுதுவேன். பாலத்துக்குக் கீழே நாமே கெடுத்து வைத்திருக்கிறோம், அதையும் எழுதுவேன். சாக்கடையை ஓடைக்கு விடாமல் திருப்புங்கள், பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாய். நான் உன் பின்னாலேயே ஓடி வந்தேன். அங்கேதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

பதில்: ஆமாம்டா. சந்தேகப்பட்டேன். கொஞ்சநஞ்சம் இல்லை, முழுசாகவே சந்தேகப்பட்டேன். ஒரு ராத்திரி பூராவும் நீ விலை போய்விட்டாய் என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ குனிந்ததைப் பார்த்தேன், காரில் வந்ததைப் பார்த்தேன், என் மூக்கில் ஏறிய பிளீச்சிங் பவுடரைப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எனக்குச் சரியாகப் போயிற்று. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. விலை போய்விட்டான் என்று எவனை நினைத்தேனோ, அவனை விலைக்குக் கேட்டதே நான்தான். என் மனம் இப்போதும் கூசுகிறது.

நீ குடும்பம் நடத்தப் போகிறவன். சந்தேகப்படாதே என்று நான் சொன்னால் மாடே சிரிக்கும். உன் வேலைக்குச் சந்தேகம் வேண்டும், ஓடைக்கரையில் தாராளமாகப் படு. வரப்போகிறவள் ஒரு நாள் காரணமில்லாமல் சிரித்தால், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், உடனே வலையோடு இறங்கிவிடாதே. கேட்க வேண்டியதை நேராகக் கேள். என்னைப் போலக் காரில் ஏசி எப்படி இருந்தது என்று சுற்றி வளைக்காதே. அவளும் உன்னை நேராகக் கேட்கட்டும். உன் வருங்கால மாமியார் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து, "சம்பந்தியம்மா, சாப்டீங்களா" என்று கேட்கிறார். அதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை என்பதை உன் அப்பா சொல்லியிருக்க மாட்டார். ஆலைக்கு என்ன முடிவு என்று இன்னும் தெரியவில்லை. சாக்கடை விழுந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறது. அஞ்சலை என்னோடு பேசுவதில்லை, கேனை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள். வெயிலில் நின்று கல்லைத் தேய்த்தவளுக்கு நாம் கொடுத்தது அவமானம்தானே, அவள் கோபம் நியாயம். இன்று காலை வரிசையில் உனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார். "பொறந்த ஊரையே காட்டிக் குடுத்துட்டான். ஆலைக்காரங்கிட்ட வாங்காமலா இப்டி எழுதுவான்?"

ஆவணியில் நான் சொன்ன அதே வார்த்தை. அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எப்படி எரிகிறது என்று தெரிந்தது. "எம் புள்ள வாங்க மாட்டான்" என்றேன்.

"நீ வேற எப்டி சொல்லுவ? பெத்தவளாச்சே" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்தவளா சொல்லலீங்க, டெஸ்டு பண்ணிட்டுச் சொல்றேன். அன்னிக்கு சேத்துல எறங்கி அவங்காதுல நான் பேசினத அத்தினி பேரும் பாத்தீங்களே, இன்னா பேசினேன் தெரியுமா? நம்ம சாக்கடைய எழுதாதடா, உனக்குப் புண்ணியமாப் போவும்னு கெஞ்சினேன். பெத்தவளுக்கே வளையலீங்க அவன். அந்த ஆலைக்காரனுக்கா வளைஞ்சிடப் போறான்?"

சொல்லிவிட்டு அடுத்த கேனில் லாக்டோமீட்டரை விட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு பாலைக்கூட நான் இவ்வளவு உறுதியாக நல்ல பால் என்று சொன்னதில்லை.

உன் அம்மா